ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிற நாம் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோம்?

ஃபேன் ஃபிக்‌ஷன் (ஒரு நாவலின், படத்தின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதுகிற கதை) எழுதுகிறேன் என்று சொன்னதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது: அடுத்தவர் உருவாக்கிய பாத்திரங்களை எடுத்து எழுதுவது திருட்டு இல்லையா? இந்தக் கேள்வி மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொல்கிறவர்கள் இரண்டு பக்கமும் அவசரப்படுகிறார்கள். ஒரு பக்கம், சொந்தமாகக் கற்பனை செய்ய வராதவர்கள் செய்கிற வேலை என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். இன்னொரு பக்கம், அன்பினால் எழுதுகிறோம், காசு வாங்கவில்லை, அப்புறம் என்ன தப்பு என்று முடித்துவிடுகிறார்கள். நான் பல வருடங்களாக எழுதுகிறேன், மற்றவர்கள் கதைகளுக்கு பீட்டா ரீடராக, அதாவது வெளியிடுவதற்கு முன் படித்துத் திருத்தித் தருகிறவராக இருந்திருக்கிறேன், ஒரு எழுத்துக் குழுவில் ஒருவருக்கொருவர் கதை எழுதித் தருகிற கதைப் பரிமாற்றம் நடத்தி, அதில் வந்த சண்டைகளில் நடுவில் உட்கார்ந்து பேசியும் இருக்கிறேன். இதிலிருந்து எனக்குப் புரிந்தது என்னவென்றால், கடன் வாங்கியதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருக்கும் வரை இந்த எழுத்தால் பெரிதாக யாருக்கும் கெடுதல் வருவதில்லை. எதையாவது, யாரிடமிருந்தாவது மறைக்க ஆரம்பிக்கிற இடத்தில்தான் உயிரோடு இருக்கிற ஒரு மனிதருக்கு அடி விழுகிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா விவாதமும் அங்கேதான் ஆரம்பித்து அங்கேயே தேங்கிவிடுகிறது. ஒரு நாவலோ படமோ யாருடையதோ, அதைத் தழுவி இன்னொன்று செய்கிற உரிமையும் பொதுவாக அவருடையதுதான். அதே சமயம் நியாயமான பயன்பாடு என்று ஒரு விலக்கும் பல நாடுகளில் உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எதற்காக எடுத்தீர்கள், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பிலிருந்து, எவ்வளவு எடுத்தீர்கள், மூலப் படைப்பின் விற்பனைக்கு அதனால் என்ன பாதிப்பு. இந்த நாலையும் வைத்து என்ன தீர்ப்பு வரும் என்று முன்கூட்டியே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 'கான் வித் த விண்ட்' நாவலின் உலகத்தை ஓர் அடிமைப் பெண்ணின் பார்வையில் திருப்பி எழுதிய புத்தகத்துக்குப் போட்ட தடையை 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது, அது மூலத்தை விமர்சிக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 'த கேட்சர் இன் த ரை' நாயகனை வயதானவனாக்கி எழுதிய புத்தகத்துக்கு 2009-ல் அதே நாட்டில் இன்னொரு நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்டது, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய் கடைசியில் 2011-ல் சமரசத்தில் முடிந்தது. இரண்டுமே காசுக்கு விற்ற புத்தகங்கள். நாம் இலவசமாகப் போடுகிற கதைகள் நீதிமன்றப் படியேறியதே மிகக் குறைவு. அதனால் "இது முழுக்கச் சட்டப்படி சரி" என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம், "இது முழுக்கக் குற்றம்" என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். "இந்தப் பாத்திரங்கள் எனக்குச் சொந்தமில்லை" என்று கதைக்கு மேலே போடுகிற டிஸ்கிளைமர் வழக்கிலிருந்து யாரையும் காப்பாற்றாது. ஆனாலும் நான் அதை விடாமல் போடுகிறேன், அது வாசகருக்குச் சொல்வது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கம்பரைக் கொண்டுவந்து நிறுத்துவார். வால்மீகி கதையைக் கம்பர் எழுதலையா, அது ஃபேன் ஃபிக்‌ஷன் இல்லையா என்று. பழைய கதையைத் திரும்பச் சொல்வது நம் மொழியில் பெரிய மரபு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வாதத்தை வைக்கிறவர்கள் பாயிரத்தை மறந்துவிடுகிறார்கள். வடமொழியில் இந்தக் கதையைச் செய்தவர்கள் மூன்று பேர், அதில் முதலாமவர் சொன்னபடி நான் தமிழ்ப் பாட்டில் சொல்கிறேன் என்று கம்பர் அங்கேயே சொல்லிவிடுகிறார். யாரிடமிருந்து வாங்கினேன், இரண்டு மூன்று மூலங்கள் இருக்கும்போது எந்த மூலத்தைப் பின்பற்றுகிறேன் என்கிற அளவுக்குத் தெளிவாக. நாம் ஒரு நாவலை எடுத்து எழுதுகிறோமா, அதைப் படமாக்கியதை எடுத்து எழுதுகிறோமா என்பதைக்கூடச் சொல்லாமல் விடுகிற கதைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாயிரம்தான் ஞாபகம் வரும். அதோடு ஒரு வித்தியாசத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வால்மீகி ராயல்டியை நம்பிப் பிழைக்கவில்லை. நாம் எடுத்தாள்கிற எழுத்தாளர் பல சமயம் உயிரோடு இருக்கிறார், அடுத்த பாகத்தை எழுதிக்கொண்டும் இருக்கிறார்.

அந்த எழுத்தாளர் வேண்டாம் என்று சொன்னால்? சிலர் சொல்லியிருக்கிறார்கள். ரத்தக்காட்டேரி நாவல்கள் எழுதிய ஆன் ரைஸ் தன் பாத்திரங்களை வைத்து எழுதக் கூடாது என்று பகிரங்கமாகச் சொன்னார், ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளம் அவருடைய படைப்புகளைச் சார்ந்த கதைகளை அனுமதிப்பதை நிறுத்தியது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினும் தன் உலகத்தை மற்றவர்கள் எடுத்து எழுதுவதை வெளிப்படையாக எதிர்த்தவர். ஜே.கே. ரௌலிங் தரப்பு காசு பார்க்காத வரை, குழந்தைகள் கையில் கிடைக்கிற இடத்தில் ஆபாசம் இல்லாத வரை பரவாயில்லை என்றது. என் நெருங்கிய தோழி ஒருத்தி, இவளும் எழுதுகிறவள்தான், எழுத்தாளருக்கு இந்த விஷயத்தில் வீட்டோ கிடையாது என்பாள். புத்தகத்தை வெளியிட்ட பிறகு வாசகர் மனதில் அது என்ன ஆகிறது என்பதை அவர் கட்டுப்படுத்த முடியாது, ஒரு விமர்சனம் எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்கிறோமா என்பாள். நான் பாதி வழிதான் அவளோடு போவேன். மூலக்கதையை எதிர்த்து, அது பேசவிடாத ஒருவரைப் பேச வைக்கிற கதை என்றால், எழுத்தாளருக்குப் பிடிக்காது என்பதற்காக அதை நிறுத்தத் தேவையில்லை, அந்த அடிமைப் பெண்ணின் நாவல் மாதிரி. ஆனால் எனக்குப் பிடித்த இரண்டு பேரைச் சேர்த்துவைக்க வேண்டும், செத்துப்போனவனைப் பிழைக்க வைக்க வேண்டும் என்கிற ஆசையில் எழுதுகிற கதைக்கு அந்த நியாயம் கிடையாது. உயிரோடு இருக்கிற ஒருவர் தெளிவாக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் எழுதுவேன், என் தோழிக்குப் படிக்கக் கொடுப்பேன், பொதுவில் போட மாட்டேன். அப்படி வெளியே போகாமலே இருக்கிற கதைகள் என்னிடம் உண்டு, அவை வீணாகப் போனதாக எனக்குத் தோன்றவில்லை, எழுதின சந்தோஷம் எழுதும்போதே கிடைத்துவிட்டது.

எழுதுவதற்கு முன்னால் அந்த எழுத்தாளர் என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடிப் பார்த்துவிடுங்கள், சில நிமிட வேலைதான். அப்புறம், அனுமதி கொடுத்தவர் என்றாலும்கூட உங்கள் கதையை அவருக்கு அனுப்பாதீர்கள். ரசிகர் கதையைப் படித்த பிறகு தன் அடுத்த புத்தகத்தில் தற்செயலாக அதே மாதிரி ஒரு சம்பவம் வந்துவிட்டால் அவருக்குத்தான் தலைவலி, அதனால்தான் பல எழுத்தாளர்கள் இவற்றைப் படிப்பதே இல்லை. நடிகர்களிடம் மேடையில் மைக்கைப் பிடித்து அவர்கள் நடித்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதுகிற காதல் கதையைப் பற்றிக் கேட்பது, அந்தரங்கமான காட்சியை வரைந்து கையில் கொடுப்பது, இதெல்லாம் அன்பு என்று நினைத்துச் செய்கிறார்கள், எதிரில் நிற்கிறவர் சிரித்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. நம் கதைகள் நமக்குள் இருப்பதற்குக் காரணம் வெட்கம் இல்லை, அது அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதுதான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 1967-லேயே பத்திரிகை அச்சடித்தார்கள். அந்தக் காலத்து ரசிகர் பத்திரிகைகளில் அச்சுச் செலவும் தபால் செலவும் வந்தால் போதும், லாபம் வேண்டாம் என்பது எழுதாத விதியாக இருந்தது. இன்றைக்கு ரசிகர் கதைகளுக்கென்றே இருக்கிற ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளம், நாம் ஏஓ3 என்று சொல்வது, அதே விதியை எழுதியே வைத்திருக்கிறது, கதைக்குக் கீழே நன்கொடை கேட்டு ஒரு லிங்க் போடக்கூட அனுமதி இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது கொடுமையாகத் தெரிகிறது: இவ்வளவு உழைக்கிறேன், ஒரு காபிக்குக் காசு கேட்டால் என்ன? உழைப்புக்கு மதிப்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உரிமையாளர்கள் கண்டும் காணாமல் இருப்பது நாம் அவர்கள் வருமானத்தில் கை வைக்காததால்தான், ஒருவர் கை வைத்தாலும் விளைவு எல்லோருக்கும் வரும். ஒரு ஸ்டார் ட்ரெக் ரசிகர் படம் 10 லட்சம் டாலருக்கு மேல் பொதுமக்களிடம் திரட்டிவிட்டுப் படமெடுக்கக் கிளம்பியது, உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், அதோடு நிற்கவில்லை. 2016-ல் எல்லா ரசிகர் படங்களுக்கும் விதிமுறை வந்தது, ஒரு கதை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பகுதியாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. அதுவரை சொந்தச் செலவில் சத்தமில்லாமல் நீளமாக எடுத்துக்கொண்டிருந்தவர்களும் அதில் மாட்டினார்கள்.

உரிமையாளரே காசுக்கு அனுமதி கொடுக்கிற வழியும் முயன்று பார்க்கப்பட்டது, அமேசான் 2013-ல் கிண்டில் வேர்ல்ட்ஸ் என்று ஆரம்பித்து 2018-ல் மூடிவிட்டது.

என்னுடைய நீண்ட கதை ஒன்றை யாரோ அழகாக பைண்ட் செய்து விற்கிறார்கள் என்று ஒரு வாசகி ஒரு நாள் எழுதியிருந்தாள். "அக்கா, நீங்கதான் விக்கிறீங்கன்னு நினைச்சு வாங்கப் போனேன், பேர் இல்லையேன்னு சந்தேகம் வந்துச்சு" என்று. போய்ப் பார்த்தால் நிஜம்தான், என் பேர் எங்கேயும் இல்லை, மூல எழுத்தாளர் பேரும் இல்லை. எனக்கு உரிமை இல்லாத பாத்திரங்களை வைத்து எழுதியதில் நான் எப்படிப் புகார் கொடுப்பது என்று முதலில் தயக்கமாக இருந்தது. பாத்திரங்கள் என்னுடையது இல்லை என்றாலும் வாக்கியங்கள் என்னுடையவை, அதைப் பிரதி எடுத்து விற்பதை எதிர்க்க எனக்கு உரிமை உண்டு என்று விவரம் தெரிந்த ஒரு தோழி சொன்னாள். விற்கிறவருக்கு முதலில் ஒரு கடிதம், பதில் இல்லை. அப்புறம் அந்த விற்பனைத் தளத்துக்கு முறையான நீக்கல் கோரிக்கை, கதை முதலில் வெளியான பக்கத்தின் முகவரி, தேதி, இரண்டு பக்கங்களை ஒப்பிட்ட படம். எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து என் கதைகளின் குறிப்பில் ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது: உங்களுக்காகவோ நண்பருக்குப் பரிசாகவோ பைண்ட் செய்துகொள்ளுங்கள், சந்தோஷம், விற்காதீர்கள், பிறரை விற்கவும் விடாதீர்கள். பைண்டிங் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த விதியை நம்மைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அவர்கள் கைவேலை மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

தன் கதையையே பேர்களை மாற்றிச் சொந்த நாவலாகப் பதிப்பிப்பது வேறு விஷயம். 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் க்ரே' ட்வைலைட் ரசிகர் கதையாக ஆரம்பித்து 2011-ல் புத்தகமானது ஊருக்கே தெரியும். இதைப் பெரிய துரோகம் என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் அப்படிப் பார்க்கவில்லை. மூலத்தின் உலகமும் சம்பவங்களும் நிஜமாகவே போய், மிச்சம் இருப்பது உங்களுடையதாக இருந்தால் அது உங்கள் நாவல். நான் கேட்பது நடுவில் இருந்தவர்களைப் பற்றி. வாராவாரம் எபிக்கு, அதாவது அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருந்து பக்கம் பக்கமாக கமெண்ட் போட்ட வாசகர்கள், சம்பளம் இல்லாமல் ஒவ்வொரு அத்தியாயத்தையும் திருத்திய பீட்டா, இவர்கள் இல்லாமல் அந்தக் கதை அந்த வடிவத்துக்கு வந்திருக்காது. எனக்குத் தெரிந்த ஒருத்தி இதை மிக நேர்த்தியாகச் செய்தாள். பதிப்பகத்தோடு பேச்சு முடிந்ததும் வாசகர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, பல வாரம் அவகாசம் கொடுத்து, வேண்டியவர்கள் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கதையை எடுத்தாள், புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் பீட்டாவின் புனைபெயரை அவரிடம் கேட்டுவிட்டுப் போட்டாள். ராத்திரியோடு ராத்திரியாகக் கதையைத் தூக்கிவிட்டு, இது எப்போதும் சொந்தக் கதைதான் என்று சாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நம்பிப் படித்தவர்கள் மறுபடி வருவதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம் நிஜ மனிதர்களை வைத்து எழுதுவது. பாத்திரத்துக்கு என்ன செய்தாலும் அதற்கு வலிக்காது, ஒரு நடிகரும் பாடகரும் அப்படி இல்லை, அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது, பேரைப் போட்டுத் தேடினால் நாம் எழுதியது அவர்கள் கண்ணில் படும். ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் 2002-லேயே இதைத் தடை செய்தது, ஏஓ3 அனுமதிக்கிறது, ஆக தளத்தின் விதியைப் பார்த்து நம் மனச்சாட்சியை முடிவு செய்ய முடியாது. நான் நிஜ மனிதர்களை வைத்து எழுதுவதில்லை. ஆனால் எழுதுகிறவர்கள் எல்லோரும் தப்பானவர்கள் என்றும் நினைக்கவில்லை, மேடையில் தெரிகிற அந்தப் பிம்பத்தை வைத்து விளையாட்டாக, மென்மையாக எழுதுகிறவர்களும் எனக்கு நண்பர்களாக இருக்கிறார்கள்.

எங்கள் குழுவுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நடிகர்களை ஜோடியாக வைத்துக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் கதையின் ஒரு பகுதியை வாட்ஸப் உரையாடல் ஸ்கிரீன்ஷாட் மாதிரியே, பேர், நேரம், நீல டிக் எல்லாம் வைத்து வடிவமைத்தார். கதைக்குள் படிக்கும்போது அது நல்ல உத்திதான். ஆனால் அந்தப் படம் மட்டும் கதையை விட்டுப் பிரிந்து வெளியே சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அதை நிஜம் என்று நம்புகிற ஒரு கூட்டம் உருவாகி, அதில் ஒரு நடிகரின் மனைவி போடுகிற குடும்பப் படங்களுக்குக் கீழே போய், நீ நாடகத்துக்காக வைத்திருக்கிற மனைவிதானே என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் கடைசியில் கமெண்டையே மூடிவிட்டார். எழுதியவருக்கு இப்படி ஆகும் என்ற எண்ணம் துளியும் இருந்திருக்காது என்பதை நான் நம்புகிறேன். இருந்தாலும் கற்பனை என்கிற அடையாளம் இல்லாமல் அந்தப் படம் வெளியே போனதும், அது கதையாக இல்லாமல் வதந்தியாகத்தான் வேலை செய்தது. இப்போது ஏஐயில் முகத்தையே உருவாக்க முடிகிறபோது இந்த அபாயம் பல மடங்கு.

சீனாவில் 2020-ல் நடந்தது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஆபத்து. ஒரு நடிகரைப் பற்றிய கதை அவருடைய ரசிகர்களில் ஒரு பகுதிக்குப் பிடிக்காமல், திரண்டு புகார் கொடுத்தார்கள். பிப்ரவரி 29-ஆம் தேதியிலிருந்து அங்கே ஏஓ3 தளத்தையே திறக்க முடியாமல் போனது. ஒரு கதை மேல் இருந்த கோபத்துக்கு, அந்த நடிகரை அறியாத லட்சக்கணக்கான வாசகர்களும் எழுத்தாளர்களும் தங்கள் இடத்தை இழந்தார்கள், அந்த நடிகருக்கும் அதனால் பெரும் எதிர்ப்பு வந்தது, அவர் கேட்டுக்கொண்டு யாரும் இதைச் செய்ததாகத் தெரியவில்லை. ஒரு கதை பிடிக்கவில்லை என்றால் பேக் பட்டன் இருக்கிறது, நிஜமாகவே யாருக்காவது தீங்கு என்றால் அந்தக் கதையைப் பற்றி மட்டும் அந்தத் தளத்திடம் சொல்ல வழி இருக்கிறது. கூட்டம் சேர்த்துக்கொண்டு போவதில் அதற்கப்புறம் யார் கையிலும் கடிவாளம் இருப்பதில்லை.

நிஜ மனிதர்களை வைத்து எழுதுகிற தோழிகளுக்கு நான் சொல்வது இதுதான்: பதிவு செய்த உறுப்பினர்கள் மட்டும் படிக்கிற மாதிரி கதையைப் பூட்டி வையுங்கள். அவர்களை எங்கேயும் டேக் செய்யாதீர்கள். மனைவி, கணவர், குழந்தைகளை வில்லனாக்கவோ இல்லாமலாக்கவோ வேண்டாம், முடிந்தால் குடும்பத்தைத் தொடவே வேண்டாம். போலிப் பேட்டி, போலி ட்வீட், போலிச் செய்தி என்று தனியாகப் பிரிந்து போகக்கூடிய எந்த வடிவத்திலும் படத்துக்குள்ளேயே 'கற்பனை' என்று எழுதிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருக்கிற நிஜ மனிதரை வைத்துக் காதலோ காமமோ எழுதக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சிறுவர் நடிகர்கள் நடித்த பாத்திரம் என்றாலும் நான் மிகவும் தள்ளியே நிற்பேன், ஏனென்றால் வாசகர் மனதில் வருவது அந்தக் குழந்தையின் முகம்தான்.

வாசகர்களுக்கு நாம் படுகிற கடன் டேக்கில், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று கதைக்கு மேலே போடுகிற குறிப்புச் சொற்களில் இருக்கிறது. ஏஓ3-யில் கொடூரமான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வன்கொடுமை, வயது வராதவர் சம்பந்தப்பட்ட பாலுறவு என்று நான்கு பெரிய எச்சரிக்கைகள், அதோடு 'எச்சரிக்கை தர விரும்பவில்லை' என்கிற தெரிவும் இருக்கிறது. அந்தக் கடைசித் தெரிவையும் நான் நேர்மையானதாகவே பார்க்கிறேன், உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அதுவும் சொல்லிவிடுகிறது. எச்சரிக்கை போட்டால் திருப்பம் கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தற்கொலை முயற்சி வருகிற ஒரு அத்தியாயத்துக்கு முன்னால் நான் அதைச் சொல்லி, எந்த வரியிலிருந்து எந்த வரி வரை தாண்டலாம் என்றும், தாண்டுகிறவர்களுக்காகக் கீழே ஒரு சின்னச் சுருக்கமும் போட்டிருந்தேன். கதை முடிந்த பிறகு ஒரு வாசகி எழுதினாள், அந்த வாரம் அவளால் அதைப் படித்திருக்கவே முடியாது, தாண்டிப் போய் மீதியைப் படித்தாள், பல மாதம் கழித்துத் தானாகவே திரும்பி வந்து அந்த அத்தியாயத்தையும் படித்தாள். எச்சரிக்கை இல்லாமல் இருந்திருந்தால் நடுவிலேயே கதையை மூடிவிட்டு என்னையும் நம்பாமல் போயிருப்பாள்.

அதே டேக்கை ஆள் பிடிக்கவும் பயன்படுத்துகிறார்கள். எல்லோருக்கும் பிடித்த ஒரு ஜோடியின் பேரைப் போட்டுவிட்டு, உள்ளே போனால் அவர்கள் ஒரே ஒரு வரியில் வந்துபோவார்கள், இது வாசகரின் நேரத்தை ஏமாற்றி வாங்குவது. இருண்ட விஷயத்தை எழுதினாலே எழுதியவர் அதை ஆதரிக்கிறார் என்று பாய்கிற கூட்டத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அப்பட்டமாகப் பேர் போட்டு வைத்த கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு, ஏன் இது இங்கே இருக்கிறது என்று எழுதியவரை மிரட்டுவது எந்த வகை ஒழுக்கம்?

சக ரசிகர்களிடம் நாம் வாங்குகிற கடனைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் கதைப் பரிமாற்றத்தில் ஒருமுறை பெரிய சண்டை வந்தது. ஒருவர் தன் கதையில் சொந்தமாக உருவாக்கிய ஒரு பாத்திரம், மூலக்கதையில் இல்லாத ஒரு அக்கா, அப்படியே பேரோடும் குணத்தோடும் இன்னொருவர் கதையில் வந்து நின்றாள். எடுத்தவர் கேட்டார்: "நீங்களே அடுத்தவர் உலகத்தை எடுத்துத்தானே எழுதறீங்க, நான் உங்க அக்காவை எடுத்தா மட்டும் தப்பா?" கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி. நான் அதைப் பற்றி ரொம்ப நாள் யோசித்தேன். புகழ்பெற்ற ஒரு துப்பறிவாளரை நான் எடுத்து எழுதினால் அவரை நான் உருவாக்கினேன் என்று உலகத்தில் ஒருவர்கூட நினைக்க மாட்டார், மூலம் தெரிந்திருப்பதால்தான் என் கதைக்கே சுவை. ஆனால் அந்த அக்காவை ஒரு சின்ன வட்டத்துக்குத்தான் தெரியும். பேர் சொல்லாமல் எடுத்தால் படிக்கிறவர்கள் எடுத்தவரின் கற்பனை என்றே நினைப்பார்கள், உருவாக்கியவரே பிறகு காப்பியடித்தவராகத் தெரிவார். அதனால் அளவுகோல் இரண்டு இல்லை, ஒன்றேதான்: யாரிடமிருந்து எடுத்தது என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். கடைசியில் குறிப்பில் உருவாக்கியவர் பேரும் அவர் கதைக்கு லிங்க்கும் சேர்த்தார்கள், அவரும் சமாதானமானார், அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு சம்பவத்தையோ ஹெட்கேனனையோ (மூலத்தில் இல்லாமல் ரசிகர் தானாக ஒரு பாத்திரத்தைப் பற்றி உண்மை என்று வைத்துக்கொள்கிற கற்பனை) யாருடைய கதையில் முதலில் பார்த்தேன் என்று ஞாபகம் இருந்தால் இப்போதெல்லாம் நான் கீழே எழுதிவிடுகிறேன், ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்றே எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்புக்கும் இதே கதைதான். வேறு மொழியில் படித்த ஒரு அருமையான ரசிகர் கதையைத் தமிழில் கொண்டுவர ஆசைப்பட்டு எழுதியவரிடம் கேட்டேன், பதிலே வரவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வைத்துவிட்டேன். வெகு நாள் கழித்து அவரே பதில் போட்டார், தாராளமாகச் செய்யுங்கள் என்று. சிலர் தங்கள் பக்கத்தில் மொழிபெயர்க்கலாம், ஒலிவடிவம் செய்யலாம், இதிலிருந்து கிளைக்கதை எழுதலாம் என்று பொது அனுமதி எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்களும் எழுதி வையுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் எழுதுங்கள், கேட்கத் தயங்குகிற எத்தனையோ பேருக்கு அது உதவி.

ஏஐ வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பாதியில் நிற்கிற கதையை ஏதாவது ஒரு சாட்பாட்டில் போட்டு முடிவை வாங்கிக்கொள்கிறார்கள், சிலர் அதை எழுதியவருக்கே அனுப்பியும் வைக்கிறார்கள், அன்பாகத்தான். எழுதியவருக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். 2025-ல் ஏஓ3-யில் பொதுவில் திறந்திருந்த 1 கோடிக்கும் மேற்பட்ட கதைகளை ஒருவர் மொத்தமாக வழித்தெடுத்து ஏஐ பயிற்சிக்கான தரவாக வெளியே வைத்தார், தளத்தை நடத்துகிற அமைப்பு எதிர்த்து நீக்கல் கோரிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பூட்டிய கதைகள் அதில் இல்லை. அதற்காக என் தோழிகள் பலர் எல்லாவற்றையும் பூட்டினார்கள், கணக்கு இல்லாத வாசகர்களை இழக்க மனமில்லாமல் நான் பாதியைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஏஐயை எழுதப் பயன்படுத்துகிறவர்கள் அதை மேலேயே சொல்லிவிட வேண்டும், படிப்பதா வேண்டாமா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த உலகத்தில் பதின்ம வயதினர் நிறைய இருக்கிறார்கள், நன்றாகவும் எழுதுகிறார்கள், வயது சொல்லாமலும் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து எழுதுவதோ திருத்திக் கொடுப்பதோ எல்லோரும் பார்க்கிற குழுவில் நடக்கட்டும், தனி மெசேஜில் வேண்டாம். வயது வந்தோருக்கான கதையை ஒருவர் பீட்டா பார்க்க வந்தால் நான் முதலில் வயதைக் கேட்பேன், சின்னவர் என்று தெரிந்தால் வேறு கதையைக் கொடுப்பேன். கேட்பதற்குச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

கதையை எடுத்துவிடுகிற உரிமையும் எழுதியவருக்கு உண்டு. வேலை, கல்யாணம், யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள், எதுவாகவும் இருக்கலாம், அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏஓ3-யில் பேரை மட்டும் விலக்கிக்கொண்டு கதையை அனாதையாக விட்டுவிடுகிற வசதி இருக்கிறது, அழிக்கத் தோன்றுகிறவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிப் பார்ப்பேன், வாசகர்களுக்கும் இழப்பு இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த ஒரு எழுத்தாளர் அதையும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனார். என்னிடம் பதிவிறக்கியவை இருந்தன, அவருடைய வாசகர்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள், ஒரு டிரைவில் போட்டு லிங்க் கொடுங்கள் அக்கா என்று. நான் அவருக்கே மெயில் போட்டுக் கேட்டேன். தனியாகக் கேட்கிறவர்களுக்குக் கொடு, எங்கேயும் பொதுவில் போடாதே, என் பழைய புனைபெயரை எடுத்துவிடு என்றார். பேரை எடுத்த கோப்பு என்னிடம் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு அந்த நிபந்தனையையும் எழுதி அனுப்புகிறேன், லிங்க்காகத் தர மாட்டேன் என்றால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு அனுப்புவதில்லை.